இரண்டாவது டிக்

மார்ச் 4, செவ்வாய்

வேலைக்கு நடுவில் மறுபடியும் நெட் போய்விட்டது. டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தபடி கேட்டுத் தட்டச்சு செய்யும் பிழைப்பு என்னுடையது. "நோயாளியின் இடது..." என்றார், அதோடு குரல் நின்றுவிட்டது. இடது கையா, காலா, கண்ணா? அந்த டாக்டருக்கே வெளிச்சம். கத்தினேன். வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை, இருந்தும் கத்தினேன்.

வாலு இருந்தவரை இப்படிக் கத்தியதும் அறைக்குள்ளிருந்து வருவாள். ரூட்டரை அணைத்துப் போடுவாள். "அதுக்குக் காது கேக்காதும்மா" என்பாள். அதன் நெற்றியில் ஒரு கோபமுகப் படத்தை ஒட்டி வைத்தவளும் அவள்தான். புருவம் நெரித்து, பல்லைக் கடித்து, செக்கச்செவேல் என்று ஒரு மூஞ்சி. யார் இது என்று கேட்டதற்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

மகளைப் பற்றி இங்கே எழுதக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

ஆபீஸிலிருந்து மெயில். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் ரூட்டர்களைச் சோதிக்கிறார்களாம். என்னுடையதற்கு அதைச் செய்த கம்பெனி பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்தி வெகுநாளாகிறதாம். நோயாளிகளின் விவரம் ஓட்டைப் பெட்டி வழியாகப் போகக்கூடாது, மாத முடிவுக்குள் மாற்றுங்கள் என்று மேலாளர் போனிலும் சொன்னாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே" என்றார்.

"வேண்டாம்."

ஏன் என்று கேட்கவில்லை. ரூட்டர் நெற்றியிலிருந்த மூஞ்சியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சாப்பிட்டார். படத்தை உரித்துப் புதியதில் ஒட்டலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. மத்தியானம் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். கிழிகிறது.

மார்ச் 7, வெள்ளி

வழி இருக்கிறது! கம்பெனி உள்ளே வைத்துத் தந்த மென்பொருளைத் துடைத்துவிட்டு, ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஒன்றை ஏற்றலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் கூடி எழுதி, சும்மாவே தருகிறார்கள். கம்பெனி கைகழுவிய பெட்டிக்கும் இவர்கள் திருத்தம் தந்துகொண்டே இருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டேன். புதிய திருத்தம் இருந்தால் போதும், பெட்டி பழையதானாலும் சரி என்றாள்.

எனக்கு இதில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் வாலு போனபிறகு நான் மிக்ஸியைப் பிரித்துச் சேர்த்தேன், தையல் மெஷினைப் பிரித்துச் சேர்த்தேன், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தையும் பிரித்துச் சேர்த்தேன். அது இப்போது ஓடவில்லை. கை சும்மா இருந்தால் மனசு எங்கேயோ போகிறது. இதையும்தான் பார்த்துவிடுவோமே.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க அந்தப் பெட்டியோடுதான்.

இவர் வழக்கம்போல் காலையில் பால்கனி அறைக்குள் போய்ச் சட்டை தேய்க்க ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன இஸ்திரி? ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சட்டைக்கு அரைமணி. கிரீஸ் படப்போகிற சட்டைக்கு மாப்பிள்ளைக் கோலம். நான் கேலி செய்வதையும் விட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு கிறுக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டியைக் கவிழ்த்து மாடல் எண்ணைப் பார்க்கவேண்டும். எண் ஒன்றே ஆனாலும் உள்ளே இருக்கும் பலகை வேறு வேறாக இருக்குமாம், மாற்றி ஏற்றினால் பெட்டி செத்து வெறும் செங்கல்லாகிவிடுமாம். எழுத்து தேய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சரியான கோப்பை இறக்கினேன். கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன். செய்முறையில் ஒரு வரி: பழைய அமைப்புகளை முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவும். அதில் என்ன பொக்கிஷம் இருக்கிறது என்று தாண்டிவிட்டேன்.

ஏற்று என்று அழுத்தியதும் எல்லா விளக்கும் அணைந்தன. போச்சு, செங்கல்தான் என்று நினைத்தேன். மின்சாரத்தை மட்டும் தொடாதே என்று போட்டிருந்ததால் கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவப்பு மூஞ்சியைப் பார்த்தபடியே இருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு டப்பாவுக்காக! பிறகு ஒரு விளக்கு மினுக்கியது. அடுத்தது. அப்பாடா.

பக்கம் புத்தம் புதிதாகத் திறந்தது. விளம்பரம் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை. வைஃபையை நாமே எழுப்பவேண்டும். பெயர் வாலு வைத்ததையே வைத்தேன், "வாலில்லாத வீடு". (அவள் வைத்தபோது அது வேடிக்கை.) பாஸ்வேர்டு புதிது. பழையதை மறுபடி பயன்படுத்தாதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பயன்படுத்த நினைத்தாலும் எங்கே போவது? அதை யாரும் கேட்கக்கூடாது என்று, டிவி, பிரிண்டர், எங்கள் போன் எல்லாவற்றிலும் அவளே வாங்கி வாங்கி அடித்துக் கொடுத்தாள். "உனக்கெதுக்கும்மா அது, நான் போட்டுத் தரேன்." இன்று ஒவ்வொன்றிலும் நானே புதியதை அடித்தேன்.

இவருடைய போனை வாங்கி நான் அடிக்கும்போது கேட்டார்: "பழைய பாஸ்வேர்டையே வச்சிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

பால்கனி அறைக்குப் போனார். தேய்ப்பதற்குத்தான் இனி எந்தச் சட்டையும் இல்லையே என்று நினைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஒரு தடவைகூட நெட் போகவில்லை. கம்பெனி செய்யாததை முகம் தெரியாத ஆட்கள் செய்துவிட்டார்கள். ஆபீஸ் சோதனையில் தேறிவிட்டேன். மேலாளர், "மேடம், நீங்களேவா பண்ணீங்க?" என்று வாயைப் பிளந்தாள். கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது. யாரிடமாவது பீற்றிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. பீற்றிக்கொள்ள வேண்டியவள் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இந்த ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறது. யார் சேர்ந்தார், யார் விலகினார் என்று பழைய பெட்டி மூச்சு விட்டதில்லை. இது பதிவுப் பக்கத்தில் வரி வரியாகக் காட்டுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி ஒன்று இருக்கிறது.

அதில் ஒரு முகவரி நம் வீட்டுக் கருவி எதனுடையதும் இல்லை. சரிபார்த்துவிட்டேன். திரும்பத் திரும்ப ஒரே வரி. சேர முயல்கிறது, பாஸ்வேர்டு பொருந்தவில்லை. சேர முயல்கிறது, பொருந்தவில்லை. கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடியும். பக்கம் பக்கமாக.

எவனோ நம் வைஃபையில் நுழையப் பார்க்கிறான்.

மார்ச் 14, வெள்ளி

மாடிவீட்டுக்காரர் மேல்தான் என் சந்தேகம். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற மனுஷன். படியில் பார்த்தபோது, "சில பேர் அடுத்தவங்க வீட்டு நெட்ட தேடித் தேடிப் பிடிக்கறாங்களாமே சார்" என்றேன். அவர், "அயோக்கியப் பசங்க மேடம்" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிறாரா, உண்மையிலேயே அப்பாவியா? தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தடுத்துவிட்டேன். இந்தப் பெட்டியில் அதற்கும் இடம் இருக்கிறது. அந்த முகவரியை எழுதி, இதை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டால் போதும், கதவருகேகூட வரமுடியாது. பதிவுப் பக்கம் சுத்தமாகிவிட்டது.

சாப்பிடும்போது சொன்னேன். "ஒரு திருட்டுப் பய இத்தனை நாளா நம்ம நெட்ல நுழையப் பாத்துட்டே இருந்தான். இன்னிக்கு அவன் சோலிய முடிச்சிட்டேன்."

இவர் கை தட்டிலேயே நின்றது. "தடுத்துட்டியா?"

"ஆமா."

"இனிமே வராதா?"

"ஜென்மத்துக்கும் வராது."

"நல்லது" என்றார். கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. ஒரு சபாஷ் சொன்னால் குறைந்தா போவார்?

மார்ச் 21, வெள்ளி

இவர் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறார். நேற்றும் அப்படித்தான், அதற்கு முன்தினமும். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதே இல்லை. பால்கனி அறைக்குள் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். மழிக்கவும் இல்லை.

கேட்டேன். "லிஃப்ட் சட்டையப் பாத்தா மேல ஏறுது?" என்றார். வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தார். குரல் பாதியில் தழைந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

இன்று தட்டச்சு செய்த குறிப்பு ஒன்று: பெண், வயது இருபத்தொன்று, சாலை விபத்து, தலையில் காயம். இப்படி வந்தால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறாள். தள்ளாமல் செய்தேன். கடைசி வரி, நோயாளி நலமாக வீடு திரும்பினார்.

நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண். நிஜமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஏன் அவள் வீட்டுக்கு, ஏன் எங்கள் வீட்டுக்கு இல்லை...

அன்றைக்குப் பார்த்துத்தான் வாலு போனைச் சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். விபத்து நடந்த இடத்தில் இருந்தவர்களுக்கு யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. இங்கே தோழிகள் அவளைத் தேடிக் கூப்பிட, போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க நானும் போகவில்லை, அவளுடையதுதானே, வந்து பேசிக்கொள்ளட்டும் என்று. பிறகு காரியமெல்லாம் முடிந்தும் அது டிங் டிங் என்று சத்தம் போடுவதை நிறுத்தவில்லை. "அத அணைச்சுத் தொலைங்க, என் காதுல விழக்கூடாது" என்று இவரிடம் கத்தினேன். அணைத்துவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ரெண்டு பேரும் நாள் முழுக்கப் பேசவில்லை. சண்டையும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

இதை இன்றே எழுதிவிடவேண்டும்.

காலையில் கண்ணாடிக்காரி கூப்பிட்டாள். வாலுவின் உயிர்த்தோழி, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண். எங்கள் வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். அவள் குரலைக் கேட்டு நாளாகிறது.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமா? அவ போன இப்ப நிறுத்திட்டீங்களா?"

"அது எப்பவோ நிறுத்தியாச்சேம்மா."

 பிறகு மெதுவாகச் சொன்னாள். "இல்ல ஆன்ட்டி. நான் அவளுக்கு தினமும் மெசேஜ் போடுவேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். அனுப்பினா ஒரு டிக் விழும். அவ போனுக்குப் போய்ச் சேந்துட்டா ரெண்டாவது டிக் விழும். இத்தனை நாளா விழுந்துட்டேதான் இருந்தது. யாரோ அவ போன உயிரோட வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நீங்கதான்னு நெனச்சேன். இப்ப ஒரு மாசமா ஒத்த டிக்கோட நிக்குது. போதும்னு முடிவு பண்ணிட்டீங்க போல, நானும் நிறுத்திக்கணுமோன்னு... அத கேக்கத்தான்."

எப்போதிலிருந்து நிற்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னாள். நான் பெட்டியைத் துடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

போனை வைத்துவிட்டு நேராகப் பால்கனி அறைக்குப் போனேன். இஸ்திரி மேஜைக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி இருக்கிறது. தண்ணீர் தெளிக்கிற புட்டிக்குப் பின்னால் பழைய பனியன் துணி விரித்து, அதன்மேல் அவள் போன். ஒயர் பின்பக்கப் பலகையைத் துளைத்து மின்சாரத்துக்குப் போகிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். தொட்டதும் விழித்துக்கொண்டது. அவள் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிற படம். வைஃபைக் குறி இல்லை.

திருடன் இதுதான்.

பாவி, நான் சோலியை முடித்தது என் மகளின் போனை. திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டியது அதுதான். இந்த வீட்டு நெட் என்று அதற்குத் தெரிந்த ஒரே பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதன் முகத்தில் அறைந்து சாத்தியிருக்கிறேன்.

சாயங்காலம்

இவர் வந்தார். போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றப் போனவர் ஒரு காலோடு நின்றுவிட்டார்.

"அணைக்கத்தான் போனேன்" என்றார். "பட்டன அமுக்கிப் புடிச்சேன். அணைக்கவான்னு கேட்டுச்சு. என்னால முடியல."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போன் பூட்டைத் திறக்கிற எண் எங்களுக்கும் தெரியாது, கண்ணாடிக்காரிக்கும் தெரியாது. ஆனால் வருகிற மெசேஜின் முதல் இரண்டு வரி பூட்டுக்கு மேலேயே தெரியுமாம். போன் கடைக்காரன் சொல்லியிருக்கிறான், ஒரு தடவை அணைந்துவிட்டால் மறுபடி எழுந்தாலும் எண்ணைப் போடாதவரை எதுவும் வராது, அணைய விடாதீர்கள் என்று. அவள் எண்ணுக்கு இணைப்பை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். மிச்சம் இருந்தது வீட்டு வைஃபை ஒன்றுதான். அதைக் கொண்டு இந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் போனை அணையவிடாமல் காத்திருக்கிறார். காலையில் சட்டை தேய்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்த இரண்டு வரிகளைப் படித்திருக்கிறார்.

"யாராச்சும் ஒருத்தர் தினமும் அவகிட்ட ஏதாச்சும் சொல்றாங்க. டீ, பஸ்ஸ விட்டுட்டேன்டீ. டீ, வேலை கெடச்சிருச்சுடீ. அத படிச்சிட்டுப் போனா அன்னிக்குப் பொழுது ஓடிடும். அவ வெளியூர்ல எங்கயோ இருக்கற மாதிரி."

"நான் திருடன்னு சொன்னேனே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே! தடுத்துட்டேன்னு சொன்னப்போ நல்லதுன்னு சொன்னீங்களே!"

"என்னன்னு சொல்றது? அணைச்சிட்டேன்னு சொன்னது பொய்யின்னா?" போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ கத்துவே" என்றார்.

கத்தவில்லை. கத்துவதற்கு எனக்கு வாய் எங்கே இருக்கிறது?

தடையை எடுத்துவிட்டேன். ஆனால் பழைய பாஸ்வேர்டு வேண்டும். பிரதி எடு என்று சொன்னதைத் தாண்டினவள் நான். டிவியிலும் பிரிண்டரிலும் ஒன்றுவிடாமல் அழித்துப் புதியதை அடித்தவளும் நான். அது அந்தப் பூட்டிய போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒன்று செய்யலாம். நாம் ஒரு பாஸ்வேர்டை ஊகித்து ரூட்டரில் போடுவது, போன் வந்து சேருகிறதா என்று பார்ப்பது.

இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் பிறந்த நாள். இல்லை. அவள் வளர்த்த பூனையின் பெயர். இல்லை. கல்லூரிப் பெயர், எங்கள் கல்யாண நாள், எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து, பிரித்து, தலைகீழாக. பதிவுப் பக்கத்தில் அதே வரி, பொருந்தவில்லை.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?" என்று கேட்டார்.

யோசித்தேன். சின்ன வயதில் பிடித்ததெல்லாம் வரிசையாக வந்தது. கடைசி வருஷம் என்ன பிடித்தது? தெரியவில்லை. நான் வேலையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் எங்கேயோ லிஃப்ட் குழிக்குள் இருந்தார். அவள் போன பிறகு இவ்வளவு நேரம் அவளைப் பற்றி நாங்கள் பேசியது இன்றுதான். ஒரு பாஸ்வேர்டுக்காக.

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது இவர்தான் சொன்னார். "அந்தக் கண்ணாடிப் பொண்ணு இங்க வந்து படிக்கும்ல. அப்ப எந்த நெட்டுல இருந்துச்சு?"

இத்தனை படித்தும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்து மணிக்கு வருகிறேன் என்ற கண்ணாடிக்காரி எட்டுக்கே வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். வாசலில் செருப்பை அவள் எப்போதும் விடுகிற மூலையில் விட்டாள்.

புதுப் போன் வாங்கிவிட்டாளாம். போச்சு என்று நினைத்தேன். பழையதில் இருந்ததெல்லாம் இதற்கு வந்திருக்கும் ஆன்ட்டி என்று தேடினாள். நான், இவர், இரண்டு பேரும் அவள் தோளுக்கு இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. "வாலில்லாத வீடு" இருந்தது.

திறந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை.

"என்னம்மா?"

"நீங்களே பாருங்க ஆன்ட்டி. நான் சொல்ல மாட்டேன்."

ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், இப்படி இருந்தது: அம்மா கத்தாதே கத்தாதே.

அதனால்தான் சொல்லவில்லை, கழுதை. நெட் போகும், நான் கத்துவேன், அவள் வந்து அணைத்துப் போடுவாள். அப்போதெல்லாம் வீட்டிலிருந்த ஒவ்வொரு கருவியும் இதைத்தான் சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. டிவி, பிரிண்டர், என் வேலைக் கம்ப்யூட்டர்கூட. நான் திருடன் என்று நினைத்தது இந்த ஒரு மாதமாகக் கதவுக்கு வெளியே நின்று சொன்னதும் இதுதான்.

சிரித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இவர் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

என் கையாலேயே ரூட்டரில் அடித்தேன். அம்மா கத்தாதே கத்தாதே. பதிவுப் பக்கத்தில் அந்த முகவரி வந்தது. சேர்ந்தது. மேஜைமேல் போன் விழித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்தவள் அனுப்பியவை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "படிக்காதீங்க அங்கிள்" என்றாள். இவர், "இத்தனை நாளா படிச்சிட்டுத்தானம்மா இருந்தேன்" என்றார். அவள் தன் போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒற்றை டிக்குகள் ஒவ்வொன்றாக இரண்டாகிக்கொண்டிருந்தன.

மற்றத் தோழிகளிடமிருந்து ஒன்றும் இல்லை. அவர்கள் பாடு அவர்களுக்கு. குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 7, திங்கள்

இவர் சட்டை தேய்த்தார். கதவைச் சாத்தவில்லை. நானும் போய் நின்றேன். "டீ, உங்கம்மா இளைச்சிட்டாங்கடீ" என்று வந்திருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனின் முதுகு உப்பியிருக்கிறது. மேஜையில் வைத்தால் ஆடுகிறது. இவர் நகத்தால் இடுக்கைத் தடவிப் பார்த்தார். பேட்டரி வீங்கிவிட்டது, இடைவிடாமல் சார்ஜிலேயே இருந்தால் அப்படித்தான், தீப்பிடிக்கும் என்றார். தன்னைப் பற்றிப் புகார் சொல்வதுபோல் சொன்னார். பேட்டரியை மாற்றவேண்டுமானால் அணைக்கவேண்டும். அணைத்தால் பூட்டு.

மத்தியானம்வரை யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை.

பிறகு கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதாள். "இனிமே நான் யாருக்கு அனுப்பறது ஆன்ட்டி?" என்றாள். எனக்கு அனுப்பு என்றேன். டீ போட்டே அனுப்பு என்றேன்.

இவர் பட்டனை அமுக்கிப் பிடித்தார். அணைக்கவா என்று கேட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார். என் விரலையும் அவர் விரல்மேல் வைத்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தவள் போய்விட்டாள்.

இரண்டாம் தடவை.

ஏப்ரல் 28, திங்கள்

"டீ ஆன்ட்டி, பஸ்ஸ விட்டுட்டேன்." இரண்டு டிக்.

மே 14, புதன்

ரூட்டருக்குப் புதிய திருத்தம் வந்திருந்தது. இந்தத் தடவை முதலில் அமைப்புகளைப் பிரதி எடுத்தேன். இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். பிறகு ஏற்றினேன். பாஸ்வேர்டு அதேதான். பழையதை மறுபடி பயன்படுத்தாதே என்று அவர்கள் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

ஏற்றி முடித்து வேலைக்கு உட்கார்ந்தேன். "நோயாளியின் வலது..." என்றார் டாக்டர், அதோடு நின்றுவிட்டது. எங்கள் தெருவிலேயே நெட் இல்லையாம், மாடிவீட்டுக்காரர் படியில் நின்று யாரிடமோ புகார் சொல்லிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், வாயைத் திறந்துவிட்டேன். எதிரே ரூட்டர் நெற்றியில் அந்தச் சிவப்பு மூஞ்சி. வாயை மூடிக்கொண்டேன்.

இவருக்கு இன்று விடுமுறை. பால்கனி அறையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார் போல.

"என்ன, நெட் போச்சா?"

"ம்."

"கத்தலையா?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"கத்து, பரவால்ல" என்றார் உள்ளேயிருந்து. "வீடு ரொம்பச் சத்தமில்லாம கெடக்கு."

கத்தினேன்.